தொட்டி வழியுது!

நாகலாபுரம் தமிழும் தெலுங்கும் பேசும் ஊர். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. பக்கத்தில் பிச்சாட்டூரில் ஆரணியாற்று அணை உண்டு. ஆனாலும் கோடையில் ஆற்றில் மணல்தான் தெரியும். அப்போது பல வீடுகளுக்குப் போர் தண்ணீர்தான் துணை.

காலையில் மோட்டார் போடுகிறார்கள். மாடியில் தொட்டி நிறைகிறது. அடுப்பில் சோறு. பிள்ளைகள் பள்ளிக்குப் போகவேண்டும். மோட்டார் ஞாபகம் வருவதில்லை. பக்கத்து வீட்டுக் குரல்தான் கேட்கிறது:

"அக்கா! உங்க தொட்டி வழியுது!"

"இதோ நிறுத்துறேம்மா. கொஞ்சம்தானே போச்சு."

கொஞ்சம்தானா? அளந்து பாருங்கள். தண்ணீர் வழியும் குழாயின் கீழே ஒரு குடத்தை வையுங்கள். 15 லிட்டர் குடம் 30 விநாடியில் நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்துக்கு 2 குடம். 10 நிமிடத்துக்கு 20 குடம். அதாவது 300 லிட்டர். கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அந்தக் கணக்கில் 300 லிட்டர் ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு நாள் தண்ணீர். தினமும் இப்படி வழிந்தால் மாதம் 600 குடம்!

தண்ணீர் மட்டுமா போகிறது? மின்சாரமும் போகிறது. சுவரில் பாசி பிடிக்கிறது. தளத்தில் ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கிறது. கீழே தேங்கினால் கொசு வளர்கிறது.

நாகலாபுரம் வேதநாராயண சுவாமி கோயிலில் தெப்பத் திருவிழா நடக்கும். குளத்தில் தண்ணீர் ஏறினால் தெப்பமும் ஏறும். தொட்டியில் வைக்கும் மிதவை வால்வும் அப்படித்தான். தண்ணீர் ஏற ஏற அதன் பந்து மேலே வரும். தொட்டி நிறைந்ததும் குழாயை அடைத்துவிடும். தெருக்குழாய்த் தண்ணீர் தானாக ஏறும் தொட்டிக்கு இது போதும்.

மோட்டார் வைத்த வீட்டுக்கு இது மட்டும் போதாது. வால்வு மூடிய பிறகும் மோட்டார் ஓடும். தண்ணீர் போக வழி இருக்காது. மோட்டார் சூடாகும். குழாய் இணைப்பு விட்டுப் போகலாம். அங்கே மோட்டாரையே நிறுத்தும் மிதவை சுவிட்சு வேண்டும். அதை மின்வேலை தெரிந்தவரே பொருத்தவேண்டும். நீங்கள் கை வைக்காதீர்கள்.

சுவிட்சு வாங்கப் பணம் இல்லையா? ஒரு நாள் காலித் தொட்டியை நிரப்புங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 35 நிமிடம் என்றால், மோட்டார் சுவிட்சின் பக்கத்தில் சுவரில் "35 நிமிடம்" என்று பெரிதாக எழுதுங்கள். மோட்டார் போட்ட நேரத்தையும் தினமும் சாக்பீசால் எழுதுங்கள். எழுதத் தெரிந்தது இதற்கும் உதவும்! வீட்டில் யார் பார்த்தாலும் நேரத்துக்கு நிறுத்தலாம். கோடையில் போரில் தண்ணீர் குறையும். அப்போது நேரம் கூடும். மறுபடி அளந்து எழுதுங்கள்.

கரண்ட் போய்விட்டால் உடனே சுவிட்சை அணையுங்கள். பலர் இதைத்தான் மறக்கிறார்கள். நடு இரவில் கரண்ட் வரும். மோட்டார் தானாக ஓடும். எல்லோரும் தூங்கும்போது விடியும்வரை தண்ணீர் வழியும்.

சிலர் வழியும் குழாயைத் துணியால் அடைத்துவிடுகிறார்கள். அது தவறு. தண்ணீர் மூடி வழியாக வெளியே வரும். குழாயைத் திறந்தே வையுங்கள். கொசு போகாமல் வலை மட்டும் கட்டுங்கள். குழாயை நீட்டிக் கீழே வாழை, முருங்கை மரத்தடிக்கு விடலாம். பாதையில் ஒரு தகரத்தை வைத்தால் சத்தம் கேட்டு எழுந்து வரலாம்.

கணக்குப் போடுங்கள்:
உங்கள் குடம் 20 விநாடியில் நிறைகிறது. தொட்டி 5 நிமிடம் வழிந்தது. எத்தனை குடம் தண்ணீர் போனது?