தியேட்டருக்குள் நுழையும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்

கனகம்மாசத்திரம், திருத்தணி, திருவாலங்காடு பக்கம் நர்சிங் முடித்து, மயக்க டாக்டருக்குத் துணையாக ஆபரேஷன் தியேட்டரில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். அந்த மேசையின் தலைமாட்டிலேயே என் வேலைக்காலம் கழிந்தது. வேலை கிடைத்ததோடு படிப்பை மூட்டை கட்டிப் பரணில் போட்டவர்களைக் கண்டிருக்கிறேன். மயங்கிக் கிடப்பவர் தனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்ல மாட்டார். அவருக்காகப் பார்க்க வேண்டிய கண் உங்களுடையது. அது மங்கக் கூடாது.

1. உங்கள் எல்லை எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் இதற்கென்று தனியாகப் படித்த நர்ஸ்களே மயக்க மருந்து கொடுக்கிறார்கள். அங்கே 2016 முதல் தொடர்கல்வியில் 4 ஆண்டுக்கு 100 கிரெடிட் சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. அதில் 60 கிரெடிட், படித்தது ஏறியிருக்கிறதா என்று சோதித்துத் தரப்படுபவை. நம் நாட்டில் மருந்து கொடுப்பது டாக்டரின் பொறுப்பு, நாம் துணை நிற்பவர்கள். அனஸ்தீசியா டெக்னாலஜிஸ்ட்களையும் சேர்த்து 2021-இல் ஒரு சட்டம் வந்தது, நமக்கு நர்சிங் கவுன்சில். அதனால் யாராவது, "டாக்டர் அடுத்த கேஸுக்குப் போயிட்டார், நீயே போட்டுடும்மா" என்றால், "முடியாது" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

2. உங்கள் பதிவுக்கு ஆயுள் உண்டு. சென்னையில் இருக்கும் தமிழ்நாடு நர்சுகள், தாதியர் கவுன்சிலின் வேர் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒருமுறை பதிந்தால் போதும் என்று இருந்துவிட்டோம். இப்போது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்தபடி 5 ஆண்டுக்கு ஒருமுறை ரெனியூவல், அதற்கு 150 மணி நேரத் தொடர்கல்வி. ஆண்டுக்கு 30 மணி நேரம் என்று பிரித்தால் பாரமே தெரியாது. நான்கு ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஐந்தாம் ஆண்டில் ஓடுகிறவர்கள் கிடைத்த வகுப்பில் போய் உட்காருகிறார்கள். வேண்டிய வகுப்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

3. நாம் எல்லைக்காரர்கள். 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆனாலும் நகரி, புத்தூர், திருப்பதி என்று போய்ப் படிக்கிற பிள்ளைகள் இன்றும் உண்டு. ஆந்திராவில் பதிந்த கையோடு இங்கே டியூட்டியில் சேர்ந்துவிடாதீர்கள். அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ரெசிப்ரோக்கல் பதிவு போட வேண்டும். தேசிய அளவில் கொடுக்கிற அடையாள எண்ணையும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

4. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு மணி நேரம் வாங்காதீர்கள். அப்படிக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. அது நோயாளிக்குச் செய்யும் துரோகம். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

5. மாறிக்கொண்டே இருக்கும் பாடத்துக்குத்தான் தொடர்கல்வி. நான் படித்தபோது, இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை 15 முறை அழுத்தி 2 முறை ஊதச் சொன்னார்கள். 2005-இல் அது 30-க்கு 2 என்று ஆனது. 2010-இல் வரிசையே மாறியது: முன்பு மூச்சுவழி முதலில், இப்போது நெஞ்சழுத்தம் முதலில். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல். பழைய எண் மனசில் ஒட்டிக்கொண்டால் அவசரத்தில் கை அதைத்தான் செய்யும். பொம்மையின் மேல் மறுபடி மறுபடி அழுத்திப் பழகுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அமெரிக்க இருதய சங்கத்தின் அட்டை 2 ஆண்டுதான் செல்லும், அதற்கும் இதுதான் காரணம். மூச்சுக்குழாய் போட முடியாமல் போனால் அடுத்து என்ன என்பதற்கு அகில இந்திய அளவில் 2016-இல் வழிகாட்டுதல்கள் வந்தன. அதன் வரைபடத்தை டாக்டரிடம் கேட்டு, படிப்படியாகப் புரிந்துகொள்ளுங்கள். மரத்துப்போக ஊசி போடும் பூபிவகெய்ன் ரத்தத்தில் ஏறிவிட்டால் 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் வேண்டும். உங்கள் தியேட்டரில் அது எந்த அலமாரியில் இருக்கிறது? இருக்கிறதா? 150 மணி நேரத்தில் முதல் பங்கு இப்படிப்பட்டவற்றுக்குப் போகட்டும். எது தெரியாமல் நடு ராத்திரியில் கை நடுங்குமோ அந்த வகுப்பைத் தேடிப் போங்கள்.

6. ஆபரேஷனுக்கு முன் இருக்கும் பட்டினி விஷயம் எந்த வகுப்பிலும் நம் ஊர்க்காரர்களுக்கு ஏற்றபடி சொல்லித்தரப்படுவதில்லை. வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம், லேசான சாப்பாடு என்றால் 6, எண்ணெயும் கறியும் சேர்ந்தால் 8 அல்லது அதற்கு மேலும். இங்கே விடியலில் வண்டி ஏறி வருகிறவர்களிடம் "சாப்பிட்டீங்களா?" என்றால், "இல்லம்மா, காபி மட்டும்தான்" என்பார்கள். பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது, 6 மணி நேரக் கணக்குதான். கிருத்திகை விரதக்காரர் "ஒண்ணும் சாப்பிடல" என்பார், பாலும் பழமும் அவர் கணக்கில் சாப்பாடே இல்லை. ஆகவே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வந்தவர்களில் பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறவர்களாகவும் இருப்பார்கள். "ஏமைனா தின்னாரா? நீள்ளு தாகாரா?" என்று கேட்கவாவது பழகுங்கள். இதற்குக் கிரெடிட் கிடையாது. வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகாமல் காப்பது இந்த இரண்டு கேள்விதான்.

7. காலையில் மெஷினைத் தொட்டுப் பாருங்கள். சிலிண்டரில் கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள் என்றால் ஆக்சிஜன், நீலம் நைட்ரஸ். பின் துளைகள் ஆக்சிஜனுக்கு 2, 5. நைட்ரஸுக்கு 3, 5. மாறிப் பொருந்தக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு, பொருந்தவில்லை என்றால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். உறிஞ்சுகுழாய், ஆம்பு பை, மாற்று சிலிண்டர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

8. ஒரு நோட்டு வையுங்கள். பிரிட்டனுக்குப் போகும் நம் பிள்ளைகள் அங்கே 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்துகொள்ள வேண்டும். 450 மணி நேரப் பணி, 35 மணி நேரக் கல்வி, கூடவே வேலையில் கற்றதைப் பற்றித் தாமே எழுதிய 5 குறிப்புகள். எனக்குப் பிடித்தது அந்தக் குறிப்புகள்தான். நோயாளியின் பெயர் இல்லாமல், நடந்தது என்ன, அடுத்த முறை என்ன செய்வேன் என்று எழுதுங்கள். மாயோ கிளினிக்கில் இருந்த ஆலிஸ் மகா என்ற நர்ஸ் 1906-இல் வெளியிட்ட கணக்கில், மயக்க மருந்தால் ஒருவரும் இறக்காமல் 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அதைக் கொடுத்திருந்தார். அவர் எழுதி வைக்காமல் இருந்திருந்தால் அது யாருக்குத் தெரிந்திருக்கும்?

9. கல்யாணம், பிரசவம் என்று வேலையை விட்டவர்களின் பதிவுதான் அதிகமாகக் காலாவதியாகிறது. மாமியார் வீட்டில் இருந்தாலும் ஆன்லைனிலோ நேரிலோ வகுப்பைக் கேட்டுக்கொண்டே இருங்கள். திரும்பி வருவீர்கள். வீட்டுப் பெரியவர்களே, அந்தப் பெண்ணை மாதத்தில் ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பி வையுங்கள். மருத்துவமனை நடத்துகிறவர்கள் வகுப்புக்கு டியூட்டி லீவு கொடுங்கள், இரவு டியூட்டி முடித்தவளைத் தூக்கக் கலக்கத்தோடு பயிற்சிக்கு அனுப்பாதீர்கள்.

பதிவுச் சான்றிதழ் பீரோவில்தான் இருக்கும். எந்த மாதம் முடிகிறது என்று இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள், பிள்ளைகளே.