ஊற்றும் முன் மண்ணைத் தொடுவோம்

எங்கள் பள்ளியில் ஏழு தொட்டிகளில் செம்பருத்தி வைத்தோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் காலையில் ஒரு குழு, மதிய உணவுக்குப் பின் இன்னொரு குழு என ஆளுக்கொரு குவளை ஊற்றினார்கள். மூன்றாம் வாரம் இலைகள் மஞ்சளாகி, மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. செடி வாடுகிறதே என்று இன்னும் ஊற்றச் சொன்னேன், தவறு என்னுடையதுதான். இரண்டு செடிகள் போயின. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பேறிக் குழைந்து நாறியது.

"தண்ணி இருந்தும் ஏன் டீச்சர் வாடுச்சு?" என்றாள் ஒரு மாணவி. அதுவே அன்றைய பாடமானது.

கண்ணாடி டம்ளரில் காய்ந்த மண்ணை முக்கால் பங்கு நிரப்பி, மெதுவாக நீர் ஊற்றினோம். குமிழிகள் எழுந்தன. மண்துகள்களுக்கு இடையே இருந்த காற்று அது. அதைக் கொண்டுதான் வேர் சுவாசிக்கிறது. எந்நேரமும் நீர் தேங்கினால் காற்றுக்கு இடமில்லை. மூச்சுத் திணறும் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆக, நீர் குறைந்தாலும் செடி வாடும், மிகுந்தாலும் வாடும். இலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

இப்போது இரண்டு அங்குல ஆழம் விரலை விட்டுப் பார்க்கிறார்கள். ஈரம் தட்டினால் ஊற்றுவதில்லை. காய்ந்திருந்தால், அடித்துளை வழியே நீர் வரும்வரை தூரில் ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுகிறோம். ஏப்ரல் வெயிலில் தினமும் தேவைப்படலாம். ஐப்பசி அடைமழையில் தேவையே இராது. தொட்டிக்கொரு பதிவேடும் உண்டு. அதில் 'ஊற்றவில்லை' என்று எழுதத்தான் பிள்ளைகளுக்கு இன்னும் மனம் வரவில்லை. மீந்த ஐந்தில் மூன்று செடிகள் மொட்டு விட்டிருக்கின்றன.