படக் களஞ்சியத்தில் களை எடுப்போம்



ஒரு காலத்தில் நிழற்படம் எடுப்பது அரிய செயலாக விளங்கியது. படக்கருவியில் இடும் ஒரு படச்சுருளில் 24 அல்லது 36 படங்களே எடுக்க இயலும். சுருளுக்கும் செலவு, கழுவி அச்சிடுவதற்கும் செலவு. இன்றோ கைப்பேசி ஏந்திய ஒவ்வொருவரும் படப்பிடிப்பாளரே. பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஒரு பரிசளிப்பை ஆசிரியர் ஐந்து முறை எடுக்கின்றார். பெற்றோர் பத்து முறை எடுக்கின்றனர். அவை புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் பகிரப்பட்டு, மீண்டும் பலருடைய கைப்பேசிகளில் சேர்கின்றன. பின்னர் அனைத்தும் பள்ளிக் கணினிக்கு வந்து குவிகின்றன.

அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு அன்றோ? ஆண்டு மலருக்கு ஒரு படம் தேடுவோர், ஒன்றுபோல் தோன்றும் நூறு படங்களுக்கிடையே திகைக்கின்றனர். 3 மெகாபைட் அளவுள்ள 200 படங்களுக்கு ஐந்தைந்து படிகள் இருப்பின், 600 மெகாபைட்டில் அடங்க வேண்டியவை 3,000 மெகாபைட் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. ஆகவே களை எடுத்தல் வேண்டும். ஆனால் களை எது, பயிர் எது என்று அறியாதவன் கையில் களைக்கொட்டைக் கொடுத்தல் ஆகாது. அதனை அறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

மூவகைப் படிகள்

நம் களஞ்சியத்தில் மிகுந்து கிடப்பவற்றை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, அச்சு மாறாத படி. ஒரு கோப்பை இரண்டு கோப்புறைகளில் நகலெடுத்து வைத்தால் உண்டாவது இது. இரண்டிற்கும் அணுவளவும் வேறுபாடு இல்லை.

இரண்டாம் வகை, சுருங்கிய படி. புலனம் வழக்கமான முறையில் படங்களைச் சுருக்கியே அனுப்புகின்றது. 4000 × 3000 புள்ளிகள் கொண்ட படத்தில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. அது 1600 × 1200 ஆகச் சுருங்கினால் எஞ்சுபவை 19 இலட்சத்து 20 ஆயிரம் புள்ளிகளே. ஆறில் ஒரு பங்குகூட இல்லை! கைப்பேசித் திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும், பெரிதாக அச்சிட்டால் சுருங்கிய படி மங்கிவிடும்.

மூன்றாம் வகை, ஒத்த படம். ஒரே காட்சியை அடுத்தடுத்து எடுத்தவை இவை. ஒன்றில் ஒருவர் கண் மூடியிருப்பார், மற்றொன்றில் சிரித்திருப்பார். உண்மையில் இவை படிகளே அல்ல, வெவ்வேறு படங்கள்.

கணினி கண்டுபிடிக்கும் விதம்

முதல் வகையைக் கண்டறிவது கணினிக்கு எளிது. மனிதருக்குக் கைரேகை இருப்பதுபோல, ஒவ்வொரு கோப்பிற்கும் ஓர் அடையாளக் குறியைக் கணக்கிடலாம். 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஷா-256 என்னும் முறை, எத்துணைப் பெரிய கோப்பிற்கும் எண்களும் எழுத்துகளுமாக 64 இடங்கள் கொண்ட குறியைத் தருகின்றது. இரு கோப்புகளின் குறிகள் ஒத்திருப்பின் அவை ஒன்றே எனக் கொள்ளலாம். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் குறி முற்றிலும் மாறிவிடும். அதனாலேயே சுருங்கிய படியை இம்முறையால் பிடிக்க இயலாது.

அதற்கு வேறு வழி உண்டு. படத்தை நிறமற்றதாக்கி, நீளத்தில் 8, அகலத்தில் 8 என 64 கட்டங்களாகச் சுருக்குவர். சராசரியைவிட ஒளி மிகுந்த கட்டத்திற்கு 1, இருண்ட கட்டத்திற்கு 0 என்று குறிப்பர். இவ்வரிசைகள் பெரும்பாலும் ஒத்திருந்தால் அப்படங்கள் ஒன்றையொன்று ஒத்தவை என்று அறியலாம். கட்டத்தாளில் நீங்களும் இதனைச் செய்து பார்க்கலாம்.

ஐஃபோனில் 2022ஆம் ஆண்டு முதல் இத்தகைய படிகளைத் தனியே தொகுத்துக் காட்டும் வசதி உள்ளது. கணினியில் இயங்கும் டூப்குரு போன்ற இலவசச் செயலிகளும் உண்டு. எனினும், இவை ஐயுறத்தக்கவற்றைக் காட்டித் தரும் துணைவர்களே. தீர்ப்பு வழங்க வேண்டியவர் நாம்.

எதனை வைப்பது?

அச்சு மாறாத படிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கலாம். சுருங்கிய படி இருப்பின் மூலப்படத்தைத் தேடி வைத்தல் வேண்டும். மூலத்தில் புள்ளிகள் மிகுதி. அன்றியும் படம் எடுத்த நாள், நேரம் முதலிய விவரங்களும் அதனுள்ளே பதிந்திருக்கும். புலனத்தின் வழியே வந்த படத்தில் அவ்விவரங்கள் இரா. ஆகவே படத்தை ஆவணமாக இணைத்து அனுப்புமாறு பெற்றோரிடம் வேண்டினால் மூலமே வந்து சேரும்.

ஒத்த படங்களில் அவசரம் கூடாது. நம் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் ஆலய வளாகத்தில் செரோக் தோக்குன் கல்வெட்டுப் பாறை உள்ளது. ஜேம்ஸ் லோ என்னும் பிரிட்டிஷ் படை அதிகாரி 1840களில் அதன் எழுத்துகளை ஆராய்ந்து உலகறியச் செய்தார். அப்பாறையைக் காலையில் எடுத்த படமும் மாலையில் எடுத்த படமும் ஒன்றுபோல் தோன்றலாம். ஆனால் வெயில் சாய்வாக விழும் வேளையில், நண்பகலில் புலப்படாத தேய்ந்த கோடும் நிழலிட்டுத் தெரியும். ஒன்று மிகை என்று நீக்கினால் ஓர் எழுத்தையே இழக்க நேரிடும்.

தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஒரே நூலின் ஏட்டுப் பிரதிகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கினார். ஓர் ஏட்டில் சிதைந்த சொல்லை மற்றோர் ஏடு காட்டிக் கொடுக்கும் அன்றோ? ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்தல் என்னும் அப்பண்பு நமக்கும் வேண்டும்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்க. சிறிய கோப்பெல்லாம் களை அன்று. தோட்டத்தில் வாழ்ந்த பாட்டனார் பாட்டியாரின் பழைய படத்தை, உறவினர் ஒருவர் கைப்பேசியில் எடுத்து மங்கலாக அனுப்பியிருக்கலாம். நம் மாநிலத்துத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அச்சிட்ட மூலப்படம் எங்கோ தொலைந்திருக்கலாம். அவ்வாறாயின் அம்மங்கிய படமே அக்குடும்பத்தின் வரலாறாகும். வேறு படி இல்லாத படத்தை, அளவு சிறிதென்று நீக்குதல் பெரும் பிழையாகும்.

மிகைப்படி வேறு, காப்புப்படி வேறு

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் படி இருந்த நூலை மீண்டும் பெறலாம். படி இல்லாததை எவ்வாறு பெறுவது? 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேமித்து வருகின்றது.

ஒரே கணினியில் ஐந்து கோப்புறைகளில் கிடக்கும் ஐந்து படிகள் மிகை. அக்கணினி பழுதுற்றால் ஐந்தும் ஒருசேரப் போகும். வெவ்வேறு இடங்களில் உள்ள மூன்று படிகளோ காப்பு. மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது படக் காப்பாளர் கைக்கொள்ளும் நெறியாகும். பள்ளிக் கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பகத்தில் ஒன்று என நாம் வைக்கலாம்.

செய்யும் முறை

1. களை எடுக்குமுன் அனைத்தையும் வன்தட்டில் ஒருமுறை படியெடுத்து வைத்தல்.
2. அச்சு மாறாத படிகளைச் செயலியால் கண்டறிந்து நீக்குதல்.
3. சுருங்கிய படிகளை மூலத்தோடு ஒப்பிட்டு, மூலம் உள்ளபோது மட்டும் நீக்குதல்.
4. ஒத்த படங்களை இருவர் சேர்ந்து கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தல்.
5. நீக்கியவற்றைச் சில நாள்கள் குப்பைத் தொட்டியிலேயே விட்டுவைத்தல்.
6. எஞ்சிய படங்களுக்கு ஆண்டு, திங்கள், நாள், நிகழ்ச்சி என்னும் வரிசையில் பெயரிடுதல். அவ்வாறு பெயரிட்டால் கணினி தானே கால வரிசைப்படி அடுக்கித் தரும்.

மாணவர்களே! படத்தில் இருப்பவர் யார் என்பதை எந்தக் கணினியும் தானாக அறியாது. அறிந்த பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம். இவ்விடுமுறையில் உங்கள் இல்லத்துப் படங்களுள் பத்தினை மட்டும் எடுத்து, பெரியோருடன் அமர்ந்து இப்பணியைத் தொடங்குங்கள். பதறாத காரியம் சிதறாது.