ஆல்டர் செய்த காரை இன்னொருவர் இடித்துவிட்டால்: இழப்பீட்டைக் கேட்டு வாங்கும் வழி

பார்த்துப் பார்த்துச் செய்த கார். அலாய் வீல், தனியாக வாங்கிப் போட்ட சஸ்பென்ஷன், அளவெடுத்துத் தைத்த சீட். சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு வேன் வந்து முட்டுகிறது. தவறு முழுக்க வேன் ஓட்டியவருடையது. ஆனாலும் வொர்க்‌ஷாப்பில் முதலில் காதில் விழுவது, "வண்டிய ஆல்டர் பண்ணிருக்கீங்களே சார், கிளெய்ம் கிடைக்காது" என்பதுதான். அதை நம்பிப் பலர் சொந்தக் காசைப் போட்டு டிங்கரிங் வேலையை முடித்துக்கொள்கிறார்கள்.

அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. அந்தப் பேச்சில் இரண்டு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. உங்கள் பாலிசி என்பது உங்களுக்கும் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். வண்டியில் செய்த மாற்றத்தை அங்கே சொல்லாமல் விட்டிருந்தால், அதைக் காட்டி அவர்கள் மறுக்கப் பார்க்கலாம். இடித்தவரிடம் கேட்பது வேறு. அவருக்கும் உங்களுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. அவருடைய அலட்சியத்தால் உங்கள் பொருளுக்குச் சேதம் வந்தது, அதை அவர் ஈடுசெய்ய வேண்டும், அவ்வளவுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988 இந்த உரிமையைத் தெளிவாகவே தருகிறது. யார் தவறு, சேதம் எவ்வளவு, அதற்கு என்ன அத்தாட்சி என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இருந்தால் ஆல்டர் செய்த காருக்கும் இழப்பீடு உண்டு.

இடித்த அன்றைக்கே

வண்டியை நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். இரண்டு நம்பர் பிளேட்டும், வண்டிகள் நின்ற நிலையும், சாலையும் தெரிய வேண்டும். பிறகு அடிபட்ட ஒவ்வொரு பாகத்தையும் கிட்டத்தில் எடுங்கள். வெளியில் வாங்கிப் பொருத்திய பாகமென்றால் அதிலுள்ள பிராண்ட் பெயரும் வரிசை எண்ணும் படத்தில் விழ வேண்டும். நொறுங்கிய துண்டுகளை ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். வொர்க்‌ஷாப்பில் அவற்றைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். பிறகு அந்த ஹெட்லைட் என்ன ரகம் என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

எதிரில் கடை இருந்தால் சிசிடிவி பதிவை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். பல கடைகளில் சில நாட்களிலேயே பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். இடித்த வண்டியின் நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனி, எந்தத் தேதி வரை என்பது தெரியும்.

காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். ஆளுக்கு அடிபடாத விபத்தென்றால் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவைப்பார்கள். பம்பர் கீறலுக்கு அது போதும். தொகை பெரிதென்றால், கவனக்குறைவாக வண்டி ஓட்டியதற்கான பாரதிய நியாய சன்ஹிதா 281-ஆம் பிரிவில் முதல் தகவல் அறிக்கை பதியும்படி கேளுங்கள். புகாரிலேயே, வெளியில் வாங்கிப் பொருத்திய பாகங்கள் இன்னின்னவை, அவற்றில் அடிபட்டவை இவை என்று எழுதிவிடுங்கள். பிற்பாடு சேர்த்தால், பழைய பழுதை இந்தக் கணக்கில் ஏற்றுகிறார் என்ற பேச்சு வரும்.

வழக்கு பதிவானால் மோட்டார் வாகன ஆய்வாளர் இரண்டு வண்டிகளையும் பார்ப்பார். அவர் வருமுன் பாகங்களைக் கழற்றி மறைத்துவிடலாம் என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். வண்டியின் இயந்திரக் கோளாறு விபத்துக்குக் காரணமல்ல என்று அவர் எழுதித் தரும் ஒற்றை வரிதான், ஆல்டர் செய்த காரின் உரிமையாளருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய துணை. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சரியாக இருந்தன என்று அரசு அதிகாரியே எழுதிய பிறகு, வண்டியை மாற்றியதால்தான் விபத்து என்று வாதிடுவது எதிர்த்தரப்புக்குச் சுலபமல்ல.

பாகங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பணக்கணக்குப் போடும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். ஒரு தாளை எடுத்து, வண்டியில் செய்த மாற்றங்களை மூன்று பங்காக எழுதுங்கள்.

முதல் பங்கு, ஆர்.சி.யில் ஏறியவை. அங்கீகாரம் பெற்ற சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட், ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றிய நிறம், மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்காகப் பொருத்திய கைப் பிரேக், கை ஆக்சிலரேட்டர் போன்றவை. இவற்றைப் பற்றிக் கேள்வியே வராது. மாற்றுத்திறனாளி ஒருவரின் கார் இப்படி அடிபட்டால், அந்தக் கருவிகளைத் திரும்பப் பொருத்தும் செலவோடு, வண்டி இல்லாத நாட்களுக்கு ஆன டாக்ஸி செலவையும் கட்டாயம் கேட்க வேண்டும். அவருக்கு அந்தக் கார் இல்லாவிட்டால் வேறு எந்தக் காரையும் ஓட்ட முடியாது.

இரண்டாம் பங்கு, ஆர்.சி. விவரங்களைத் தொடாதவை. மியூசிக் சிஸ்டம், டேஷ்கேம், பார்க்கிங் கேமரா, சீட் கவர், அந்த மாடலுக்குத் தயாரிப்பாளரே அனுமதித்த அளவிலான அலாய் வீல். இவற்றையும் தயங்காமல் கேட்கலாம்.

மூன்றாம் பங்கு, சட்டம் ஏற்காதவை. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. கறுப்பு ஃபிலிமுக்கு 2012-இல் அதே நீதிமன்றம் தடை போட்டது. கிராஷ் கார்டுகளை அகற்றச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

மூன்றாம் பங்கிலுள்ள பொருளின் விலையைக் கேட்காதீர்கள். அதற்காக அந்த இடத்துச் சேதத்தையே விட்டுவிடவும் வேண்டாம். கிராஷ் கார்டுக்குப் பின்னால் உடைந்த பம்பரும் ரேடியேட்டரும் கம்பெனி பாகங்கள்தான், அவற்றுக்குப் பணம் கேட்பதில் தடையில்லை. சத்தம் போடும் சைலன்சர் நசுங்கியிருந்தால், அதன் விலையை விட்டுவிட்டு, கம்பெனி சைலன்சரைப் போட்டு வண்டியைச் சட்டப்படியான நிலைக்குக் கொண்டுவரும் செலவைக் கேளுங்கள். தருவதா வேண்டாமா என்பது நீதிபதியின் முடிவு. ஆனால் நேர்மையாகப் பிரித்துக் கேட்பவருக்கு மற்ற தலைப்புகளிலும் நம்பிக்கை கூடும் என்பது உறுதி.

விலையை நிரூபிப்பது

பெரும்பாலான கோரிக்கைகள் தொகையில் அடிவாங்குவது இங்கேதான். லட்ச ரூபாய் செலவழித்திருப்பார்கள், கையில் ஒரு பில்கூட இருக்காது. ஜி.எஸ்.டி. பில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் யுபிஐ, வங்கிக் கணக்குப் பதிவுகளைத் தேடி எடுங்கள். ஆர்டர் செய்தபோது வந்த மின்னஞ்சலும், பொருத்திய அன்று எடுத்த தேதியுள்ள படங்களும் பயன்படும். பொருத்திக் கொடுத்த மெக்கானிக்கிடம், எந்தப் பாகம், எந்தத் தேதி, கூலி எவ்வளவு என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். தேவைப்பட்டால் அவர் சாட்சி சொல்ல வர வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எஸ்டிமேட் இரண்டு வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டர் தன் பாகங்களுக்குத்தான் விலை போடும். மாற்றிப் பொருத்தியவற்றுக்கு, அந்த வேலை தெரிந்த கடையில் தனி எஸ்டிமேட் வாங்குங்கள். பிறகு உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை நீங்களே அமர்த்துங்கள். அவருடைய கட்டணத்தையும் கோரிக்கையில் சேர்க்கலாம். அறிக்கையில் கம்பெனி பாகம், வெளியில் வாங்கிய பாகம், கூலி என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே மொத்தமாகப் போட்டால், நீதிபதிக்கு ஒரு பாகம் சந்தேகமாகத் தோன்றினாலும் வெட்டு மொத்தத்தின் மேல் விழும்.

பழைய பாகத்துக்குப் புதுவிலை கிடைக்காது. தேய்மானம் கழிப்பார்கள். பாலிசிகளில் அதற்கு ஓர் அட்டவணை உண்டு. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம், ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம், கண்ணாடிக்கு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கூடிக்கொண்டே போகும்: ஆறு மாதம் வரை இல்லை, நான்கு முதல் ஐந்து ஆண்டு வரையான வண்டிக்கு 35 சதவீதம், பத்தாண்டைத் தாண்டினால் 50. அந்த அட்டவணை சொந்த பாலிசி கிளெய்முக்கானது. ஆனாலும் எதிர்த்தரப்பு அதையே கையில் எடுக்க வாய்ப்புண்டு. அப்போது நீங்கள் பிடிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வண்டிக்கு வயது ஐந்தாக இருக்கலாம், சஸ்பென்ஷன் போன வருடம் போட்டது. அந்தப் பாகத்தின் வயதுக்குத்தான் கழிக்க வேண்டும் என்று வாதிடலாம். பொருத்திய தேதியுள்ள பில் இதற்காகத்தான் அவ்வளவு முக்கியம்.

வண்டி வொர்க்‌ஷாப்பில் கிடந்த நாட்களின் வாடகைக் கார் செலவு, டோயிங் கட்டணம் ஆகியவற்றுக்கும் ரசீது வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த பாலிசியா, இடித்தவரின் பாலிசியா?

சொந்த பாலிசியில் பணம் சீக்கிரம் வரும். ஆனால் கூடுதலாகப் பொருத்தியவை அதில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மின்சார, மின்னணுச் சாதனங்களும் கேஸ் கிட்டும் தனி பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டியவை. தேய்மானம் போக, 1500 சிசி வரையான காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் கட்டாயமாகப் பிடிப்பார்கள். தவறு உங்களுடையது இல்லையென்றாலும் 20 முதல் 50 சதவீதம் வரையான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். சொல்லாத ஒரு மாற்றத்தைக் காட்டி முழுக்க மறுத்தால், அந்த மாற்றத்துக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்று எழுதி, 'நான்-ஸ்டாண்டர்டு' அடிப்படையில் ஒரு பகுதியையாவது தரும்படி கேளுங்கள். அதற்கும் மறுத்தால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடமோ நுகர்வோர் ஆணையத்திடமோ போகலாம். இந்த இரண்டு வாசல்களும் உங்கள் சொந்தக் கம்பெனிக்கு எதிராக மட்டுமே திறக்கும்.

என் யோசனை இது: அடிபட்டவை பெரும்பாலும் கம்பெனி பாகங்கள், வண்டியும் உடனே வேண்டும் என்றால் சொந்த பாலிசியில் சரிசெய்துகொண்டு, அங்கே கிடைக்காத மீதியை இடித்தவரிடம் கேளுங்கள். அடிபட்டவை பெரும்பாலும் பாலிசியில் இல்லாத பாகங்கள் என்றால் நேரே இடித்தவரிடம் போங்கள். ஒரே சேதத்துக்கு இரண்டு பக்கமும் பணம் வாங்க முடியாது. சொந்தக் கம்பெனி பணம் தரும்போது நீட்டும் வவுச்சரில் 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று இருந்தால் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இன்னின்ன தலைப்பில் மட்டும் பெற்றுக்கொண்டேன், மூன்றாம் நபரிடம் மீதியைக் கோரும் உரிமை எனக்கு உண்டு என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு, முழு இழப்பும் அடைபட்டுவிட்டது என்று சொல்லி மீதியை மறுத்துவிடும் ஆபத்து உண்டு.

நோட்டீஸும் தீர்ப்பாயமும்

ஓட்டுநர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலை இணையுங்கள். வண்டியைப் பார்க்க விரும்பினால் இந்தத் தேதிக்குள் வரலாம், அதன் பிறகு பழுதுபார்க்கப்படும் என்று ஒரு வரி சேருங்கள். பார்க்க வாய்ப்பே தரவில்லை என்று பின்னால் சொல்ல முடியாது.

வழக்கமான பாலிசியில் மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கான வரம்பு, இடித்தது கார் என்றால் 7.5 லட்சம், இருசக்கர வாகனமென்றால் 1 லட்சம். சிலர் பிரீமியத்தைக் குறைக்க அதை வெறும் 6,000 ரூபாயாக்கியிருப்பார்கள். அப்படியானால் மீதியை உரிமையாளரிடமிருந்தே வசூலிக்க வேண்டும். அதனால்தான் கம்பெனியை மட்டும் எதிர்மனுதாரராக்காமல் மூவரையும் சேர்க்கச் சொல்கிறேன். இடித்தது அரசுப் பேருந்தாக இருந்து அதற்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால், போக்குவரத்துக் கழகமே நேரடி எதிர்மனுதாரர்.

பேச்சில் முடியவில்லையென்றால் 166-ஆம் பிரிவின்படி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள். தமிழ்நாட்டில் இது எம்.சி.ஓ.பி. என்ற எண்ணோடு பதிவாகும். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இந்தத் தீர்ப்பாயங்கள் இயங்குகின்றன. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். சட்டத்தில் எழுதியிருக்கும் கெடு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள இதைத் தாண்டவிடாதீர்கள்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு உங்கள் காரைத்தான் குற்றவாளியாக்கப் பார்க்கும். வண்டியைத் தாழ்த்தியிருந்தீர்கள், அகலமான டயர் போட்டிருந்தீர்கள், ஆகவே உங்களுக்கும் பங்குண்டு என்பார்கள். உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டிய ஒருவர் அடிபட்ட வழக்கில், உரிமம் இல்லை என்பதாலேயே விபத்தில் அவருக்குப் பங்கு உண்டென்று ஆகிவிடாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் வழக்கறிஞர் அதே தர்க்கத்தை எடுத்து வைக்கலாம்: விதி மீறல் வேறு, விபத்துக்குக் காரணம் வேறு. நின்றுகொண்டிருந்த காரைப் பின்னாலிருந்து இடித்ததற்கு டயரின் அகலம் எப்படிக் காரணமாகும்? ஆனால் பின்பக்க பிரேக் விளக்கைக் கறுப்பு ஃபிலிமால் மூடியிருந்தீர்கள் என்றால் கதை வேறு. அங்கே தொடர்பு இருக்கிறது, தொகையில் ஒரு பகுதி குறையத்தான் செய்யும். உங்கள் வழக்கறிஞரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்குக் கூப்பிட்டால் போய்ப் பாருங்கள். சர்வேயர் போட்ட தொகையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கம்பெனி பாகங்களுக்கும் கூலிக்கும் ஆன தொகைக்குக் கீழே இறங்க வேண்டாம், மாற்றிப் பொருத்தியவற்றில் ஓரளவு விட்டுக்கொடுக்கலாம்.

தீர்ப்பு வந்தால் 15 நாட்களுக்குள் நகல் தர வேண்டும், 30 நாட்களுக்குள் எதிர்த்தரப்பு பணத்தைச் செலுத்த வேண்டும். வட்டியும் கேட்கலாம், மனுவிலேயே அதைக் குறிப்பிட்டுவிடுங்கள். மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம், ஆனால் சர்ச்சைக்குரிய தொகை 1 லட்சத்துக்குக் கீழே என்றால் மேல்முறையீடே கிடையாது. பணம் வராவிட்டால் 174-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் மனு கொடுங்கள். தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்பும், அவர் அந்தத் தொகையை நிலவரி பாக்கியைப் போல வசூலித்துத் தருவார்.