குளிசையும் நாலு பேரும்

கேள்வி: அப்பா போன பிறகு அம்மா கிளினிக் கிளினிக்காக அலைகிறார். "நோயில்லை, நாலு பேரோடு பழகுங்கள்" என்கிறார் டொக்டர். இதுவும் மருத்துவமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: மருத்துவம்தான், தங்கச்சி. இங்கிலாந்தில் 2019 முதல் இப்படி நாலு பேரோடு சேர்த்துவிடவென்றே ஆட்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நமக்கு அது அவ்வளவு புதிதில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியில் வந்தவர்தான் உங்கள் ஒழுங்கைக்கு வரும் மருத்துவமாது. பிள்ளை நிறுக்கத்தான் வருவார். ஆனால் எந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அவரிடம் சொல்லுங்கள். முதியோர் சங்கம் எப்போது கூடுகிறதென்று பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். முதல் நாள் நீங்களே கூட்டிப் போங்கள். துண்டு எழுதிக் கொடுத்தால் அம்மா போகமாட்டார். அம்மா பிறஷர் குளிசை எடுப்பவரானால் அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சங்கம் கூடும்வரை, பின்னேரங்களில் டச்பே கடற்கரை, கையில் ஒரு சரை கச்சான்.