செவிகொடுத்த செம்மல்

பாடுவோர் பலர், கேட்போரைச் சென்றடையும் பேறு பெற்றோர் சிலரே. பெருநிறுவனங்களின் துணை பெற்ற பாட்டு நாடெங்கும் முழங்குகின்றது. அத்துணை இல்லாக் கலைஞனின் பாட்டோ, காட்டில் எறித்த நிலாவாய்க் கழிகின்றது. இத்தகைய கலைஞரைத் தேடிக் கண்டு உலகறியச் செய்த பெரியார் ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவரே வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல்.

இவர் 1939ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30ஆம் நாள், லிவர்ப்பூல் நகருக்கு அண்மையிலுள்ள ஹெஸ்வால் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையில் அமெரிக்காவிற் சில ஆண்டுகள் தங்கி, வானொலிப் பணி பயின்றார். 1967இல் பி.பி.சி. நிறுவனம் 'ரேடியோ ஒன்று' என்னும் ஒலிபரப்பைத் தொடங்கியபோது அதிற் சேர்ந்து, தம் இறுதிக்காலம் வரை 37 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார்.

அவர் நிகழ்ச்சியில் அடுத்து ஒலிப்பது யாது என ஒருவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆங்கில இளைஞரின் பங்க் இசையை அடுத்து ஜமைக்காவின் ரெகே ஒலிக்கும். அது முடிந்ததும் ஜிம்பாப்வே நாட்டுப் புந்து பாய்ஸ் குழுவினரின் கிதார் இசை எழும். சில வேளைகளில் இசைத்தட்டைத் தவறான வேகத்திற் சுழலவிடுவதும் உண்டு. நேயர் அப்பிழையையும் அன்போடு பொறுத்தனர்.

அக்காலத்தில் இசைத்தட்டுகளை ஒலிபரப்பும் நேரத்திற்கு ஒப்பந்தங்களால் வரம்பு இருந்தது. ஆதலின் இசைக்குழுவினரை ஒலிப்பதிவுக் கூடத்திற்கே அழைத்துப் பாடச் செய்தனர். பெரும்பாலும் ஒரே நாளில் நான்கு பாட்டுகள் பதிவாகும். தட்டு வெளியிடப் பொருளற்ற இளைஞர்க்கு இது பெரும்பேறாயிற்று. இவ்வாறு 2,000க்கு மேற்பட்ட கலைஞர்கள், 4,000க்கு மேற்பட்ட அமர்வுகளிற் பாடினர்.

வட அயர்லாந்தின் டெரி நகரம் அந்நாளிற் கலவரத்தால் அல்லலுற்றது. அங்கு வாழ்ந்த இளைஞர் ஐவர் 'அண்டர்டோன்ஸ்' என்னும் குழுவை அமைத்தனர். பெல்பாஸ்டு நகரில் இசைத்தட்டுக் கடை நடத்திய டெரி ஹூலி என்பவர், 1978இல் அவர்களின் முதல் தட்டைச் சிறு அளவில் வெளியிட்டார். அதனை இலண்டன் நிறுவனங்களிடம் கொண்டுசென்றார். அவை ஏற்க மறுத்தன. வணிகர் தள்ளிய அத்தட்டைப் பீல் கேட்டார், உள்ளம் உருகினார். ஒலிபரப்பில் ஒருமுறை இசைத்தவர், அது முடிந்தவுடன் மீண்டும் ஒருமுறை இசைத்தார்! விரைவில் அமெரிக்க நிறுவனம் ஒன்று அவ்விளைஞரோடு ஒப்பந்தம் செய்தது. கேட்பாரற்றுக் கிடந்த பாட்டு நாடறிந்த பாட்டாயிற்று.

பீல் 2004ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25ஆம் நாள், பெரு நாட்டின் குஸ்கோ நகரில் மறைந்தார். 2012இல் பி.பி.சி. தன் இலண்டன் மாளிகையின் ஒரு பகுதிக்கு அவர் பெயரைச் சூட்டியது.

இன்று எக்கலைஞரும் தம் பாட்டை இணையத்தின் வழியே தாமே வெளியிடலாம். ஆயினும் குறை தீர்ந்ததன்று. பாட்டுகள் கடல்போற் பெருகிவிட்டன. கணிப்பொறியோ, நாம் முன்பு விரும்பியதை ஒத்தவற்றையே பெரிதும் நம்முன் வைக்கின்றது. பழகிய வழியிலேயே செல்லும் செவிக்குப் புதுமை எங்ஙனம் எட்டும்?

மாணவர்களே! புகழ்பெற்றதை எல்லாரும் போற்றுவர். பெயரறியாத ஒருவர் பாட்டையும் இறுதிவரை பொறுமையோடு கேட்டு, நன்றாயின் நாலுபேர்க்கு எடுத்துரைப்பதே சிறந்த சுவைஞரின் கடன். பாடுவோர்க்குக் குரல் வேண்டும். அக்குரல் வாழ, கேட்போர் செவியும் வேண்டுமன்றோ?