பனியைத் தாண்டும் கறிவேப்பிலை: குளிர் தேசத்தில் நம் ஊர்ச் செடிகளைக் காப்பது எப்படி?

மார்கழி இரவிலும் கோவையை அடுத்த சோமனூரில் வெப்பம் 18 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். பொடக்காலியில் நிற்கும் கறிவேப்பிலை மரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரசம் தாளிக்க ஒரு கொத்து ஒடிப்பதோடு சரி. அதே நாளில் டொரண்டோவில் இரவு வெப்பம் மைனஸ் 7, 8 டிகிரிக்குப் போவது வழக்கம். மைனஸ் 20-ஐத் தொடும் இரவுகளும் உண்டு. அங்கே வேலைக்குப் போன கொங்கு வீட்டுப் பிள்ளைகள் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியை ஜன்னல் ஜன்னலாக நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். அப்படியும் பல செடிகள் பொங்கலுக்குள் மொட்டையாகிவிடுகின்றன.

பழி குளிரின் மேல் விழும். ஆனால் வீட்டுக்குள் எடுத்து வைத்த செடியைக் கொல்வது பெரும்பாலும் குளிர் அல்ல. வெளிச்சம் போதாமை, அளவுக்கு மீறிய தண்ணீர், ஹீட்டரின் வறண்ட காற்று ஆகிய மூன்றும்தான். இந்த மூன்றையும் சமாளிக்கத் தெரிந்தால் கறிவேப்பிலை, மல்லிகை, அழகுப் பனை எல்லாமே பனிக்காலத்தைத் தாண்டும்.

இது புதிய வித்தையும் அல்ல. லண்டன் கியூ தோட்டத்தின் பனை மாளிகை 1844 முதல் 1848 வரை கட்டப்பட்டது. இரும்பும் கண்ணாடியும் சேர்ந்த அந்தக் கட்டடத்துக்குள் வெப்ப மண்டலப் பனைகள் இன்றும் வளர்கின்றன. தென்னாப்பிரிக்காவிலிருந்து 1775-இல் கியூவுக்குக் கொண்டுவரப்பட்ட சைக்காடு வகைச் செடி ஒன்று இரு நூற்றாண்டுகளைத் தாண்டியும் அங்கே தொட்டியில் உயிரோடு இருக்கிறது. கியூவில் பணியாற்றிய வில்லியம் கிரஹாம் மெக்ஐவர்தான் 1848-இல் நீலகிரிக்கு வந்து ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் குளிர்காலத்தில் உறைபனி விழும். சோமனூர்க்காரர்கள் மேட்டுப்பாளையம் வழியாகச் சில மணி நேரத்தில் போய், பனியிலிருந்து செடியைக் காக்கும் வேலையை நேரிலேயே பார்த்துவிடலாம்.

1. எந்தச் செடி, எவ்வளவு தாங்கும்?

முதல் வேலை, செடியின் குணத்தைத் தெரிந்துகொள்வது. கறிவேப்பிலையும் குண்டுமல்லியும் 10 டிகிரிக்குக் கீழே வளர்ச்சியை நிறுத்திவிடும். உறைபனி பட்டால் கருகும். முருங்கை இலையைக் கொட்டிவிட்டு உறங்கும் இயல்புடையது. அதனால் அதை ஒன்றிரண்டு அடிக்கு வெட்டி, மண்ணைக் காய்ச்சலாக வைத்து, உறையாத ஓர் அறையில் விட்டுவிடலாம். நம் பூவன், நேந்திரன் வாழைகளைத் தரையில் விட முடியாது. குளிர் நாட்டுத் தோட்டங்களில் நிற்பது பெரும்பாலும் ஜப்பானிய நார் வாழை. அதன் மேல்பகுதி கருகினாலும், மூடாக்குப் போட்டால் கிழங்கு பிழைத்து வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும்.

பனைகளில் வேறுபாடு இன்னும் பெரிது. வீட்டுக்குள் வைக்கக் கெண்டியா பனை நல்ல தேர்வு. ஆஸ்திரேலியாவை அடுத்த லார்ட் ஹவ் தீவைச் சேர்ந்த இது மங்கிய வெளிச்சத்தையும் மிதமான குளிரையும் பொறுத்துக்கொள்ளும். நம் ஊர் அலுவலக வரவேற்பறைகளில் நிற்கும் அரேகா பனை மடகாஸ்கரிலிருந்து வந்தது. வெளிச்சமும் ஈரக்காற்றும் இல்லாவிட்டால் அதன் இலை நுனி பழுப்பாகும். வெளியே தரையிலேயே நட வேண்டுமென்றால் சீனத்து விண்ட்மில் பனைதான் ஏற்றது. நன்றாக வேரூன்றிய மரம் மைனஸ் 15 டிகிரி வரைகூடத் தாங்கும். இந்தியாவிலும் அதற்கு ஒரு பங்காளி உண்டு. உத்தராகண்டின் பித்தோராகர் பக்கம், 2,000 மீட்டருக்கு மேல், பனி விழும் மலைச்சரிவில் வளரும் தாக்கில் பனை அது. இத்தாலியத் தாவரவியலாளர் பெக்காரி 1905-இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

தென்னை? பொள்ளாச்சிக்காரர்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். முளைத்த தேங்காயோடு கன்றை ஐரோப்பியக் கடைகளில் விற்கிறார்கள். தேங்காயில் இருக்கும் சத்து தீரும்வரை பச்சையாக நிற்கும், பிறகு மெல்ல வாடும். கண்ணாடிக் குடிலும் வெப்பமும் இல்லாதவர்கள் அதில் பணம் போட வேண்டாம்.

2. உறைபனிக்கு முன்பே உள்ளே எடுங்கள்

இரவு வெப்பம் தொடர்ந்து 10, 12 டிகிரிக்கு இறங்கத் தொடங்கினால் அதுதான் அடையாளம். டொரண்டோ பக்கம் இது செப்டம்பரிலேயே வந்துவிடும். முதல் உறைபனி வரட்டும் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். வெயிலில் நின்ற செடியை ஒரே நாளில் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தாலும் இலையைக் கொட்டும். ஒரு வாரம் பத்து நாள் வெளியே நிழலில் வைத்துப் பழக்கிவிட்டு உள்ளே எடுக்க வேண்டும்.

எடுக்கும் முன் பூச்சிப் பரிசோதனை கட்டாயம். இலையின் அடிப்பக்கம், கணுக்கள், தண்டின் இடுக்குகள் ஆகியவற்றைக் கைப்பேசி விளக்கில் பாருங்கள். கறிவேப்பிலைத் தண்டில் பழுப்பு நிறத்தில் சிறு மேடுகள் தெரிந்து, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தால் அது செதில் பூச்சி. பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. கோவை வட்டாரத்துக்கு மாவுப்பூச்சி நன்றாகவே அறிமுகம். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. 2010-இல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்ட பிறகே அது அடங்கியது. வீட்டுக்குள் அந்தக் குளவி வராது. தண்ணீரைப் பீய்ச்சி இலைகளைக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, வாரம் ஒருமுறையாக இரண்டு மூன்று முறை தெளிப்பதுதான் வழி.

3. மண்ணை மாற்றுங்கள்

நம் ஊரில் செம்மண்ணும் தொழுவுரமும் போதும். குளிர் நாட்டில், அறைக்குள், அதே கலவை நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து வேரை அழுகவைக்கும். தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, பெர்லைட் அல்லது கரடு மணல் ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு என்று கலந்தால் தண்ணீர் தங்காது. வெளிநாட்டுக் கடையில் வாங்கும் நார்க்கழிவுக் கட்டியின் உறையில் பொள்ளாச்சி முகவரி இருந்தாலும் ஆச்சரியமில்லை. அங்கிருந்து பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. கழுவாத கட்டியில் உப்பு இருக்கும். ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். தொட்டி மாற்றும் வேலையைக் கோடையிலேயே முடித்துவிடுவது நல்லது. குளிரில் வேரைக் கலைக்கக் கூடாது.

4. வெளிச்சம்

டிசம்பர் கடைசியில் சோமனூரில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். டொரண்டோவில் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. லண்டனில் எட்டுக்கும் குறைவு. அந்தக் கொஞ்ச வெளிச்சமும் தெற்குப் பக்க ஜன்னலில்தான் கிடைக்கும். அந்த இடம் கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும். கெண்டியா பனை ஓர் அடி உள்ளே தள்ளி நிற்கலாம்.

தெற்கு ஜன்னல் இல்லாத அடுக்குமாடி வீட்டில் செடி வளர்ப்பு எல்இடி விளக்கு தேவை. செடிக்கு ஓர் அடி மேலே தொங்கவிட்டு, டைமர் போட்டு, தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரியவிட வேண்டும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பினால் செடி ஒரே பக்கம் சாயாது.

5. தண்ணீரில் கஞ்சத்தனம்

ஊரிலிருந்து வீடியோ காலில் அம்மா கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “கண்ணு, செடிக்குத் தண்ணி ஊத்துனியா?” பாசத்தோடு கேட்கும் அந்தக் கேள்விக்குத் தினமும் கீழ்ப்படிந்தால் செடி செத்துவிடும். வெளிச்சம் குறைந்தால் செடி குடிக்கும் தண்ணீரும் குறையும். ஊற்றியது வேரைச் சுற்றித் தேங்கும், வேர் அழுகும், இலை மஞ்சளாகும். மஞ்சளைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள்.

விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரை அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றிவிட்டு, தட்டில் நிற்பதைக் கொட்டிவிட வேண்டும். அறையைப் பொறுத்து வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை போதுமானதாக இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உரம் வேண்டாம். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றும் நம் ஊர்ப் பழக்கத்தையும் கோடைக்கு ஒத்திப்போடுங்கள். மூடிய வீட்டுக்குள் வாடையும் சிறு ஈக்களும்தான் மிச்சமாகும்.

6. காற்றின் ஈரம்

நூல் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். காற்றில் ஈரப்பதம் குறைந்தால் இழை அறும். அதற்காகவே மில்லுக்குள் ஈரப்பதக் கருவி ஓடுகிறது. ஹீட்டர் ஓடும் குளிர் நாட்டு வீட்டில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போவது சாதாரணம். பனை இலையின் நுனி தீய்ந்ததுபோல் ஆவதும், இலைக்கு அடியில் நுண்ணிய வலை பின்னும் சிவப்புச் சிலந்தி பெருகுவதும் இதனால்தான்.

ஹீட்டர் காற்று நேராகப் படும் இடத்தில் தொட்டியை வைக்கக் கூடாது. தொட்டிகளைச் சேர்த்துக் கூட்டமாக வையுங்கள். தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் மூழ்காத அளவுக்குத் தண்ணீர் விட்டு, அதன்மேல் தொட்டியை வைப்பது சிறிதளவு உதவும். சிறிய ஈரப்பதக் கருவி அதைவிட நன்றாக வேலை செய்யும். மாதம் ஒருமுறை செடியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய் ஷவரில் இலைகளைக் கழுவினால் தூசியும் சிலந்தியும் போகும்.

7. வெளியே நிற்கும் செடிக்குப் போர்வை

மேகமில்லாத, காற்று அசையாத இரவில் தரையின் சூடு மேலே போய்விடும். விடியற்காலையில் உறைபனி படியும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் குளிர்காலம் தொடங்கியதும் இளம் செடிகளை ‘மிலார்’ எனப்படும் புதர்ச் செடியின் கிளைகளால் மூடுகிறார்கள். புல்வெளியில் அதிகாலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். இதில் பாடம் எளிது: இருட்டும் முன் மூட வேண்டும், மூடாக்கு தரைவரை இறங்க வேண்டும், வெயில் வந்ததும் திறக்க வேண்டும்.

வெளிநாட்டுத் தோட்டக் கடைகளில் இதற்கென்றே ஃப்ளீஸ் விரிப்பு கிடைக்கும். திருப்பூரில் ஸ்வெட்ஷர்ட்டுக்கு ஓட்டும் ஃப்ளீஸ் அல்ல இது. நெய்யாமல், பின்னாமல், பாலிப்ரொப்பிலீன் இழைகளைச் சூட்டில் ஒட்டிய நான்-ஓவன். ஆனால் விற்பது நமக்குப் பழகிய ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கணக்கில்தான். டி-ஷர்ட் துணி 160, 180 என்றால் இது 17 முதல் 30 ஜிஎஸ்எம். வெளிச்சமும் காற்றும் புகும்; இரண்டு மூன்று டிகிரி குளிரைத் தடுக்கும். கடுங்குளிருக்கு இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றலாம். அவசரத்துக்குச் சோமனூர்க் காடா துணியும் ஓரிரவுக்குத் தாங்கும். ஆனால் பருத்தி பனியைக் குடித்துக் கனத்து, இலையோடு சேர்ந்து உறையும். அதனால் நான்கு குச்சி நட்டு, இலையில் படாமல் மேலே போர்த்த வேண்டும். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடமெல்லாம் கருகும்.

பனைக்கு உயிர் குருத்தில். ஒரு பனையில் பத்து இலை கருகினாலும் பிழைக்கும், குருத்து அழுகினால் மரம் போயிற்று. இலைகளைக் கூட்டி மேல்நோக்கித் தளர்வாகக் கட்டி, ஃப்ளீஸைச் சுற்றி, மழைநீர் குருத்துக்குள் இறங்காதபடி மேலே மட்டும் ஒரு மூடி போடுங்கள். அடியில் சருகோ மரப்பட்டையோ அரை அடிக்குப் பரப்புங்கள். குளிர் தணிந்த நாட்களில் கட்டை அவிழ்த்துக் காற்றாட விட வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

8. திரும்ப வெயிலுக்கு

இலை கொட்டிய செடியைக் குப்பையில் போட அவசரப்படாதீர்கள். தண்டின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மார்ச்சில் கறிவேப்பிலையை மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்தால் பக்கக் கிளைகள் வெடிக்கும். அப்போது உரத்தைத் தொடங்கலாம்.

இரவு வெப்பம் 10 டிகிரிக்கு மேல் நிலைத்த பிறகே வெளியே எடுக்க வேண்டும். டொரண்டோவில் அதற்கு மே கடைசி ஆகிவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, இரண்டு வாரத்தில் முழு வெயில் என்பதே கணக்கு. நேரே வெயிலில் வைத்தால் வீட்டுக்குள் வளர்ந்த மெல்லிய இலைகள் வெளுத்துப்போகும்.

மகனையோ மகளையோ பார்க்கப் புறப்படும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பொடக்காலிக் கறிவேப்பிலைக் கன்றைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகாதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு தோட்டங்களை அழிக்கும் பசுமை நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழ்கிறது. அதனால் அமெரிக்காவில் கன்றுக்கு மட்டுமல்ல, பச்சை இலைக்கே கட்டுப்பாடு உண்டு; மற்ற நாடுகளிலும் விமான நிலையத்தில் செடி பிடிபட்டால் பறிமுதலும் அபராதமும் நேரலாம். கன்றை அந்த நாட்டு நர்சரியிலேயே வாங்கச் சொல்லுங்கள். செப்டம்பரில் வாங்கி உடனே குளிரோடு போராட விடாமல், மே மாதத்தில் வாங்கி ஒரு கோடை முழுக்க வளரவிட்டால், முதல் பனிக்காலத்தை அது தெம்போடு சந்திக்கும்.